தார் உரசிய காயம்

அண்ணையின் உச்சந்தலையைப் பார்க்கும் பொறுப்பை எனக்குத் தந்தது ஆஸ்பத்திரி நேர்ஸ். அண்ணைக்கு உச்சியில் முடி இல்லை. நெற்றிப் பக்கம் கண்ணாடியில் தெரியும், உச்சி தெரியாது. ஆகவே மாதம் ஒரு தடவை இவர் பார்க்கட்டும் என்று நேர்ஸ் என்னைக் கைகாட்டினார். நான் அதைத் தமிழில் சொன்னதும் அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ர தலையெழுத்து கடைசியில உன்ர கையிலயோடா வந்து நிக்குது?"

நேர்சுக்கு விளங்கவில்லை. ஆனாலும் சேர்ந்து சிரித்தார்.

அண்ணை என் கூடப்பிறந்தவர் இல்லை. நான் கனடாவுக்கு வந்த புதிதில் ரொறன்ரோவின் பார்க்டேலில் இரண்டு அறைக்குள் ஏழு பேர் இருந்தோம். ஏழு பேரில் மூத்தவர் அவர். மற்றவர்கள் கலியாணம் கட்டி, மார்க்கம் நகரில் வீடு வாங்கிப் போனார்கள். அவர் கட்டவில்லை. எனக்கு ஓரிடத்தில் இருக்க வராது. எட்டாம் வகுப்பை முடிக்காமலே பள்ளிக்கூடத்தை விட்டவன். மொன்றியலில் கோப்பை கழுவினேன், லீமிங்டனில் தக்காளி பிடுங்கினேன், பிறகு பன்னிரண்டு கோடை கூரை வேலை. ரொறன்ரோவுக்குத் திரும்பும்போதெல்லாம் அண்ணை வாடகைக்கு இருக்கும் பேஸ்மென்டில்தான் என் பை கிடக்கும். ஏன் போனாய், ஏன் வந்தாய் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. "சோறு இருக்கு, கறியைச் சூடாக்கு" என்பார். அவ்வளவுதான்.

அவருக்கு இரண்டு கிட்னியும் பழுதாகி, நாலு வருடம் மெசினில் இரத்தம் சுத்தம் செய்தார்கள். திங்கள், புதன், வெள்ளி. ஜன்னல் இல்லாத ஒரு நீள அறை, வரிசையாகக் கதிரைகள். கோடையில்கூட அவர் உள்ளே போகும்போது இருந்த வெளிச்சம் வெளியே வரும்போது மாறியிருக்கும். "மூண்டு நாள் மெசின், மற்ற நாலு நாள் மெசினை நினைச்சுப் படுக்கிறது. இதுதான்டா கிழமை" என்று ஒருமுறை சொன்னார்.

பிரான்சில் இருந்த அவருடைய தங்கச்சி தன் கிட்னியில் ஒன்றைத் தந்தாள். அங்கே அவள் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிற வேலை. லீவு போட்டு வந்து, ஆஸ்பத்திரியில் படுத்து, கொடுத்தாள். ஒரு அறையில் அண்ணை, அடுத்த அறையில் அவள். நான் இரண்டு கதவுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தேன்.

"அவளுக்கு நோகுதாமோ?" என்று இவர் கேட்பார்.

"அண்ணைக்கு மூத்திரம் போச்சோ?" என்று அவள் கேட்பாள்.

போனது. நாலு வருடத்துக்குப் பிறகு அவருக்கு ஒழுங்காக மூத்திரம் போனது. அந்தச் செய்தியை நான் அவளிடம் கொண்டுபோய்ச் சொன்னபோது அவள் தையல் போட்ட வயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நேர்ஸ் தலையைப் பற்றிச் சொன்னது அதற்குப் பிறகு வந்த ஒரு கிளினிக் நாளில். அவர் ஜமேக்காவைச் சேர்ந்தவர். எங்கள் இருவரையும்விடக் கறுப்பு. விளக்கமாகச் சொல்லும் பெண். மற்றவரின் கிட்னி என்று உடம்பு அடையாளம் கண்டு சண்டைக்குப் போகாமல் இருக்கத்தான் ஒவ்வொரு நாளும் விழுங்கும் இந்தக் குளிசைகள், இவை உடம்பின் காவல்காரனை அரை நித்திரையில் வைத்திருக்கும் என்றார். அவன் நித்திரை என்றால் தோலில் வெயில் செய்கிற கேட்டையும் கவனிக்க மாட்டான். அதனால் விளிம்பு அகலமான தொப்பி, முழுக்கைச் சட்டை, வெளியே போவதற்கு முன் வெயில் தடுக்கும் கிரீம், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திரும்பவும் கிரீம், காதுக்கும் உதட்டுக்கும் கழுத்தின் பின்பக்கத்துக்கும் மறக்காமல். உச்சி வெயிலில் நிழல். நாலு கிழமையில் ஆறாத காயம் எதுவாக இருந்தாலும், எங்கே இருந்தாலும், உடனே காட்டவேண்டும். கறுத்த தோல் என்று இருந்துவிட வேண்டாம் என்று சொல்லித் தன் கையை நீட்டிக் காட்டினார். "நானும் பூசுகிறேன்."

நான் ஒன்றும் விடாமல் தமிழில் சொன்னேன். அண்ணை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரு தாள் தந்தார்கள், தொப்பி போட்ட ஒரு மனிதனின் படம் போட்டது.

காரில் ஏறியதும் அண்ணை கேட்டார், "உவ சொல்லுறது எங்களுக்கும் சரியே?"

"உது வெள்ளையளுக்குச் சொல்லுற கதை அண்ணை. அவங்கள் கொஞ்சம் வெயில் பட்டாலே அவிச்ச இறால் மாதிரிப் போவாங்கள். நாங்கள் வெயிலுக்கெண்டே பிறந்த ஆக்கள். பன்னிரண்டு வருசம் கூரையில நிண்டனான், எனக்கென்ன வந்தது?"

"உவ வெள்ளை இல்லையே. என்னைவிடக் கறுப்பெல்லே."

"அவவுக்கு அது வேலை. எல்லாருக்கும் சொல்லவேணும், சொல்லுறா."

அண்ணை அந்தத் தாளை மடித்துக் காரில் தன் இருக்கைக்கு முன்னால் இருக்கும் லாச்சிக்குள் வைத்து மூடினார்.

நான் வேண்டுமென்று கெட்டது சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்தது போலச் சொன்னேன். கூரையில் நின்றபோது நான் இந்தக் குளிசைகளைக் குடிக்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தங்கச்சிதான் விடவில்லை. போனில் கேட்டுக் கேட்டு, அவர் கடைசியில் கிரீம் ஒரு டியூப் வாங்கினார். ஒரு காலை பூசிக்கொண்டு வந்தார். முகம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் இருந்தது. அப்படியே கோப்பிக் கடைக்குப் போனோம். அங்கே எப்போதும் இருக்கிற இரண்டு பேர் இருந்தார்கள்.

"என்ன அண்ணை, கோயிலாலயோ வாறியள்? ஒரு தட்டுத் திருநீறும் உங்கட முகத்திலதான் இருக்குது போல!"

"கோயில் இல்லையடாப்பா. சேவ் எடுக்கப் போனவர், அரைவாசியில எழும்பி ஓடி வந்திட்டார்."

அண்ணையும் சிரித்தார். எழுந்து கழுவும் அறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். காரில் அந்த டியூபை லாச்சிக்குள் தாளுக்கு மேலே போட்டார். "தங்கச்சி கேட்டா, பூசுறன் எண்டு சொல்லு." நான் அப்படியே சொன்னேன். பல தடவை சொன்னேன்.

கிட்னி பழுதாக முன்பு செய்த பக்டரி வேலைக்கு அவரால் திரும்பிப் போக முடியவில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து வீட்டு வாசல்களில் கடை விளம்பரத் தாள்கள் போடுகிற வேலை எடுத்தோம். கொம்பனி தந்த வான் வண்டியை நான் ஓட்டுவேன். அவர் தோளில் பையைப் போட்டுக்கொண்டு தெருத் தெருவாக நடப்பார். மார்க்கத்தின் பெரிய வீட்டுத் தெருக்களில் மரங்கள் இன்னும் வளரவில்லை, நிழல் கிடையாது. நான் வானுக்குள் இருந்து பார்ப்பேன். அவர் ஒரு வாசலில் தாளைப் போட்டுவிட்டு, அடுத்த வாசலுக்குப் போவதற்கு முன் சும்மா நிற்பார். முகத்தை மேலே தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்.

"என்ன அண்ணை, தலை சுத்துதோ?" என்று ஒருநாள் ஜன்னலை இறக்கிக் கேட்டேன்.

"இல்லையடா. இண்டைக்குப் புதன்கிழமை."

நாலு வருடம் புதன்கிழமைகளில் அவர் எங்கே கிடந்தார் என்று தெரிந்தபடியால் நான் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தொப்பியைப் போடுங்கோ என்றும் சொல்லவில்லை.

அவருக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. மெசினில் கிடந்த காலத்தில், கிட்னி கிடைத்தால் வருடா வருடம் தேருக்குப் பிரதட்டை அடிப்பேன் என்று வைத்த நேர்த்தி. இங்கே தேர் ஆடி மாத வெயிலில் கோயிலின் கார் நிறுத்துகிற இடத்தைச் சுற்றித்தான் வரும். தேருக்குப் பின்னால் ஆண்கள் வெறும் மேலோடு, ஈர வேட்டியோடு, தாரில் உருளுவார்கள். தார் கொதிக்கும் என்று இரண்டு பேர் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துக்கொண்டே போவார்கள். சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு யாரும் பிரதட்டை அடிப்பதில்லை. டொக்டர் வயிற்றுத் தையலுக்காக முதல் கோடை வேண்டாம் என்றார். அதற்கடுத்த ஒவ்வொரு கோடையும் அண்ணை உருண்டார். நான் துவாயும் தண்ணீர்ப் போத்தலும் வைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். கிளினிக்கில் அதைப் பற்றி அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் வாய் திறக்கவில்லை.

தலையைப் பார்க்கிற வேலையை ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் செய்தேன். பிறகு தலை மழிக்கும்போது மட்டும் பார்த்தேன். பிறகு மழித்தேன், பார்க்கவில்லை.

அவர் உருண்ட ஐந்தாவது தேருக்கு மூன்று கிழமை முன்பு, அவரைக் குளியலறையில் ஸ்டூலில் இருத்தி மழித்தபோது, உச்சியில் பிளேடு தட்டியது. விரலால் தடவினேன். பருப்பளவு சொரசொரப்பு, காய்ந்த செதில் மாதிரி. நகத்தால் கிள்ளிவிட்டேன். கொஞ்சம் இரத்தம் வந்தது.

"ஏன்டா கிள்ளுறாய்?"

"பொடுகு அண்ணை."

"மொட்டைத் தலையில பொடுகோ? உன்ர வைத்தியம் எனக்கு வேண்டாமப்பா."

தேரன்று அவர் உருண்டு முடித்து எழும்பியபோது உச்சியில் இருந்து இரத்தம் வழிந்து புருவம் வரைக்கும் வந்திருந்தது. தாரில் கிடந்த சிறு கல் கீறியது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஒரு அன்ரி தன் முந்தானையால் துடைத்து, கைநிறையத் திருநீறு எடுத்து அதில் அப்பினார். "உங்கட நேர்த்தியை அவன் ஏற்றுக்கொண்டிட்டான் தம்பி, பாருங்கோவன்." அண்ணையின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை, மூத்திரம் போன அன்றைக்குக்கூட.

அந்தக் காயம் ஆறவில்லை. பொருக்குக் கட்டும், விழும், கசியும். அவர் தினமும் காலையில் அதற்குத் திருநீறு வைத்தார். இடையில் மஞ்சளும் வைத்தார். வருகிறவர்களுக்குத் தலையைக் குனிந்து காட்டுவார்: "தேரில பட்டது." நாலு கிழமை போனது, எட்டுக் கிழமை போனது. நான் தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேர்ஸ் சொன்னது எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் நேர்ஸ் சொன்னது வெயிலால் வருகிற காயத்தை, இது தார் உரசிய காயம் என்று எனக்குள் பிரித்து வைத்திருந்தேன்.

ஐப்பசியில் எனக்கு வழக்கமான வருத்தம் வந்தது. இருக்கப் பிடிக்கவில்லை. அல்பேர்ட்டாவில் ஒரு இறைச்சி பக்டரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆறு மாதம் என்று போனேன். அண்ணை வழக்கம்போல ஒன்றும் கேட்கவில்லை.

கார்த்திகையில் போன் எடுத்தார். கிளினிக்குக்குத் தனியாகப் போய் வந்தாராம். கிட்னி நல்லா வேலை செய்கிறதாம்.

"தலையைக் காட்டினீங்களோ?"

"தொப்பியோட இருந்தனான், குளிரெல்லே. தோலில காயம் ஏதும் இருக்கோ எண்டு அவ கேட்டவ. இல்லை எண்டனான். கோயில் காயத்தை உவைக்கு என்னத்துக்குக் காட்டுவான்?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதும் காதில் கேட்கும்.

சித்திரையில் திரும்பி வந்து கதவைத் தட்டினேன். "சோறு இருக்கு" என்றார். கம்பளித் தொப்பியைக் கழற்றவில்லை. சாப்பிட்ட பிறகு நான்தான் கழற்றினேன். தொப்பி தலையோடு ஒட்டியிருந்தது. காயம் இரண்டு டொலர் நாணயக் குத்தியளவு, விளிம்பு தடித்து, நடுவில் குழி. மணம் இருந்தது. காதுக்குப் பின்னால் ஒரு கட்டி உருண்டது.

"எப்பயிருந்து இது?"

"மாசியிலயா இருக்கும். தொப்பி போட்டா நோகாது."

அடுத்த நாள் கிளினிக்கில் அதே நேர்ஸ் காயத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கதவைச் சாத்திவிட்டு டொக்டரைக் கூப்பிடப் போனார்.

தோல் புற்றுநோய் என்றார்கள். கழுத்துக்கு இறங்கிவிட்டது என்றார்கள். வெட்டினார்கள், தொடையிலிருந்து தோல் எடுத்து உச்சியில் ஒட்டினார்கள், கதிர்ச் சிகிச்சை வைத்தார்கள். எப்போது முதலில் கண்டீர்கள் என்று டொக்டர் கேட்டபோது, தேருக்குப் பிறகு என்று அண்ணை சொன்னார், நானும் அப்படியே மொழிபெயர்த்தேன். குளியலறையில் என் விரலுக்குத் தட்டுப்பட்ட பருப்பை அப்போது நினைத்தேன். சொல்லவில்லை.

பிறகு டொக்டர் இன்னொன்று சொன்னார். குளிசைகளைக் குறைத்தால்தான் உடம்பு இந்த நோயோடு கொஞ்சமாவது மல்லுக்கட்டும், ஆனால் குறைத்தால் கிட்னி போகலாம். நான் அதை மெதுவாகச் சொன்னேன்.

"குறைக்க வேண்டாம் எண்டு சொல்லு."

"அண்ணை, குறைக்காட்டி..."

"அது என்ர சாமான் இல்லையடா. அவள் தந்தது. நான் செத்தாலும் அது வேலை செய்துகொண்டிருக்கவேணும்."

"நீங்கள் செத்தா அதுவும்தானே அண்ணை சாகும்."

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சரி என்றார், ஒரு நிபந்தனையோடு: தங்கச்சிக்குச் சொல்லக்கூடாது. தலையில் சின்னக் காயம், வெட்டியிருக்கிறார்கள் என்று மட்டும் அவளுக்குச் சொன்னோம். போனில் படத்தோடு கதைக்கும்போது அவர் தொப்பி போட்டுக்கொண்டார். நல்ல அகலமான விளிம்புள்ள தொப்பி. இப்போது அது வீட்டுக்குள் இருந்தது.

புரட்டாதியில் கிட்னி நின்றது. திங்கள், புதன், வெள்ளி. அதே நீள அறை, வேறு கதிரை. அன்றைக்குத்தான் அவரே தங்கச்சிக்கு எடுத்து எல்லாவற்றையும் சொன்னார். நான் வெளியே போய் நின்றேன். திரும்பி வந்தபோது போனை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவள் ஏசேல்லை. சாப்பிட்டியளோ எண்டு கேட்டவள்" என்றார்.

மார்கழியில் போய்விட்டார். அவள் செத்தவீட்டுக்கு முதல் நாள் வந்து சேர்ந்தாள். கொள்ளி வைக்க ஆண் உறவு என்று வேறு யாரும் இல்லை. நான் வைத்தேன். எட்டாம் நாள் சடங்கு முடியும்வரை நின்றுவிட்டு அவள் திரும்பினாள், அதற்கு மேல் லீவு இல்லை. நான்தான் மிசிசாகாப் பக்கம் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டேன்.

பின்னேரம். பனி இல்லாத, கண்ணைக் கூசவைக்கிற குளிர்கால வெயில். மேற்கே போகிறபடியால் வெயில் நேரே முகத்தில் அடித்தது. அவள் அண்ணை வழக்கமாக இருக்கிற இடத்தில் இருந்தாள்.

"நீங்கள்தானே அண்ணையின்ர தலையைப் பார்க்கிறனீங்கள்" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

"ஓம்."

நான் சொன்னேன். தேருக்கு மூன்று கிழமை முன்பே இருந்தது, கிள்ளிவிட்டேன், பொடுகு என்றேன். அதற்கும் முன்னால் இதே காரில், இது வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லுகிற கதை என்று சொன்னேன். கிரீம் பூசுகிறார் என்று உனக்குப் போனில் சொன்னதெல்லாம் பொய். பூசவில்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொன்னேன், வண்டியை ஓட்டிக்கொண்டே, அவளைப் பார்க்காமல்.

அவள் மூக்கைத் துடைக்க ரிசுத் தாள் தேடி லாச்சியைத் திறந்தாள். மடித்த தாள் இருந்தது. விரித்து, தொப்பி போட்ட மனிதனைப் பார்த்தாள். கூடவே அந்த டியூப். ஏழு வருடம் அங்கேயே கிடந்திருக்கிறது.

"இதையோ பூசச் சொன்னவை?"

"ஓம். பூசினா வெள்ளையா நிக்கும். எல்லாரும் பகிடி பண்ணினவை. அதால கழுவிப்போட்டு விட்டிட்டார்."

அவள் மூடியைத் திறந்தாள். தண்ணீர் பிரிந்து வந்தது, பிறகு கொஞ்சம் கிரீம். இடக்கையின் புறங்கையில் வைத்தாள். அவள் கை அண்ணையின் கையின் நிறம்தான். பட்ட இடம் சாம்பல் பூசியது போல நின்றது. வலக்கை விரல்களால் தேய்த்தாள். வட்டம் வட்டமாக, அவசரம் இல்லாமல், மேசை துடைக்கிறவளின் பழக்கத்தோடு தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான் விமான நிலையத்துக்குத் திரும்புகிற பாதையை எடுத்தேன்.

"கொஞ்சம் தேய்ச்சாப் போகுதே" என்றாள்.

கையை என் பக்கம் நீட்டிக் காட்டினாள். வெயில் அதன்மேல் விழுந்தது. ஒன்றும் தெரியவில்லை.